சோறு போட்டவரிடம் உப்புக் குறைவு என்று சொல்வதா?

கடந்த மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மட்டக்களப்பில் உள்ள ஒரு நிலையத்தில் மகளின் பேச்சுப் பயிற்சி முடியும்வரை வெளி விறாந்தையில் காத்திருந்தபோது என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். இரண்டு பக்கம், 18 கேள்விகள். ‘எமது சேவை பற்றிப் பெற்றோரின் கருத்து’ என்று தலைப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். இடது ஓரத்தில் ‘சிறிதும் திருப்தியில்லை’, வலது ஓரத்தில் ‘மிகவும் திருப்தி’. கட்டங்களுக்கு மேலே அழுகிற முகம் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரை ஐந்து முகங்கள் வரைந்திருந்தார்கள். எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பதினெட்டுக்கும் சிரித்த முகத்தின் கீழேயே சரி அடையாளம் போட்டு, நான்காக மடித்துக் கொடுத்துவிட்டேன். அதை வாங்கிக்கொண்டவர் பயிற்சி தருகிற பிள்ளை, வாரத்துக்கு ஒருமுறை என் மகளோடு தரையில் உட்கார்ந்து சவர்க்காரக் குமிழி ஊதுகிற அதே பிள்ளை. “நன்றி டீச்சர்” என்றார்.

அன்றிரவு அந்தப் படிவம் கண்ணுக்குள்ளேயே நின்றது. நான் கணித ஆசிரியை. 16 வருடமாகத் தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கிறேன். வகுப்பில் உள்ள 38 பிள்ளைகளும் 100 புள்ளி எடுத்துவிட்டால் நாங்கள் சந்தோஷப்படுவதில்லை, வினாத்தாளைத்தான் திரும்ப எடுத்துப் பார்ப்போம். ஒன்று கேள்வி பிழையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடை முன்கூட்டியே வெளியே போயிருக்க வேண்டும். அந்தப் படிவத்தின் விடை எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. முதலாவது கேள்வியை வாசிக்க முன்னரே கை வலது பக்கம் போய்விட்டது. ஏன் போனது என்பதுதான் இத்தனை மாதமாக என்னை அரிக்கிறது.

எழுதாமல் விட்டவை

எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமலா? மகளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போதே, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள் இல்லை என்று ஓரிடத்தில் சொன்னேன். “சில பிள்ளைகள் பிந்தித்தான் கதைப்பார்கள், போனைக் கொடுக்காதீர்கள்” என்றார்கள். எங்கள் வீட்டில் அவள் கைக்குப் போன் போனதே இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து, என்றைக்காவது கொடுத்தேனா என்று யோசித்து யோசித்து அழுதேன். பிறகு இன்னோரிடம், பிறகு கொழும்பு, பிறகு ஒருவழியாக ஓட்டிசம் (மதியிறுக்கம்) என்று எழுதிய ஒரு கடிதம். பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் பதிந்துவிட்டு 7 மாதம் காத்திருந்தோம். முறை வந்த பின்னும் மூன்று தடவை, பாடசாலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய், “இன்றைக்கு மிஸ் வரவில்லை” என்ற சொல்லோடு திரும்பி வந்தோம். ஒழுங்கு மாறுவதைத் தாங்க முடியாத பிள்ளை அவள். செவ்வாய்க்கிழமை என்றால் குமிழி. குமிழி இல்லாத செவ்வாய்க்கிழமை அவளுக்கு உலகமே பிடிபடாமல் போகும். மூன்றாவது தடவை, ஓட்டோ கல்லடிப் பாலம் ஏறியதிலிருந்து வீட்டு வாசல் வரை என் தோளைக் கடித்துக்கொண்டே வந்தாள். அந்த வடு இன்னும் மாறவில்லை. ‘சேவை வழங்கப்படும் நேர ஒழுங்கு’ என்பது படிவத்தின் 4ஆவது கேள்வி. நான் போட்ட அடையாளம்: மிகவும் திருப்தி.

பயம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். இடம் போய்விடுமோ, பிள்ளையைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்ற பயம் அந்த விறாந்தையில் காத்திருக்கிற எல்லோருக்கும் இருக்கிறது. பெயர் எழுதத் தேவையில்லை என்று படிவத்தில் போட்டிருந்தாலும் என் கையெழுத்து அவர்களுக்குத் தெரியாததா? ஆனால் பயம் மட்டுமே காரணம் என்றால் நான் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டேன். குமிழி ஊதுகிற அந்தப் பிள்ளை மீது எனக்கு உண்மையாகவே அன்பு இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்குப் படித்தவர்கள் இந்த நாட்டிலேயே குறைவு, அதைத் தமிழில் செய்யக்கூடியவர்கள் அதிலும் குறைவு. அவர் வராத நாட்களில் அவரை வேறோர் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கேயும் என் மகளைப் போல ஒரு பிள்ளை குமிழிக்காகக் காத்திருந்திருக்கும். அவர் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து அதில் ‘திருப்தியில்லை’ என்று எப்படி எழுதுவது?

இது என்னுடைய பலவீனம் என்றுதான் நினைத்திருந்தேன். 1998இல் பிரித்தானியாவில் பிரையன் வில்லியம்ஸும் இரண்டு சகாக்களும் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். சேவை பெற்றவர்களோடு ஆறுதலாகப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். கசப்பான அனுபவங்களைச் சொன்னவர்களே படிவத்தில் திருப்தி என்று போட்டிருக்கிறார்கள். அனுபவத்துக்கும் புள்ளிக்கும் நடுவே அவர்கள் மனதில் இரண்டு கேள்விகள் நின்றிருக்கின்றன: அதைச் செய்வது அவர்களுடைய கடமையா? கடமை என்றாலும், செய்யாமல் போனதற்குக் குற்றம் அவர்களுடையதா? இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்ற பதில் வந்துவிட்டால் கசப்பு முழுவதும் மன்னிக்கப்பட்டு, படிவத்தில் திருப்தி ஏறிவிடுகிறது. அன்று விறாந்தையில் என் கை செய்ததும் இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு, தாய்மார் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சேவையை அளக்க வந்த படிவம் எங்களை அளக்க வந்தது போலவே படுகிறது. 1943இல் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஓட்டிசத்தின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் தொடங்குகிறது. அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியிலேயே, இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரில் அன்பு நிறைந்தவர்கள் மிகக் குறைவு என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அங்கிருந்து முளைத்த ‘குளிர்சாதனப்பெட்டித் தாய்’ என்ற பழியை, அதாவது தாயின் அன்பில்லாத குளிர்ச்சிதான் பிள்ளையின் ஓட்டிசத்துக்குக் காரணம் என்ற பழியை, ஒரு தலைமுறைத் தாய்மார் சுமந்தார்கள். மருத்துவம் அதைக் கைவிட்டு எவ்வளவோ காலமாகிறது. எங்கள் ஒழுங்கைகள் இன்னும் கைவிடவில்லை. வேலைக்குப் போகிற தாய், வெளிநாடு போன தாய், போன் கொடுத்த தாய் என்று பெயர் மட்டும் மாறுகிறது. இப்படிக் கூண்டில் நிற்கிறவளிடம் ‘உங்களுக்குத் திருப்தியா?’ என்று கேட்டால், தன்னை நல்ல தாய் என்று காட்டுகிற விடையைத்தான் அவள் தேடுவாள். குறை சொல்லாத தாய்தான் நல்ல தாய்.

பந்தியில் வாழும் சொல்

‘திருப்தி’ என்ற சொல்லைப் பற்றியே நிறைய யோசித்தேன். எங்கள் வீடுகளில் அது எங்கே புழங்குகிறது? பந்தியில். கலியாண வீட்டிலும் திவச வீட்டிலும் சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவரிடம் வீட்டுக்காரர் கேட்கிற கேள்வி அது: “திருப்தியாகச் சாப்பிட்டீர்களா?” அதற்கு ஒரே விடைதான் உண்டு. பருப்புத் தீய்ந்து போயிருக்கலாம், பாயாசம் வந்து சேராமலே போயிருக்கலாம். விருந்தாளி “திருப்தி, திருப்தி” என்று சொல்லிவிட்டுத்தான் வெற்றிலைத் தட்டத்துக்குக் கை நீட்டுவார். அப்படிச் சொல்வதைப் பொய் என்று எங்கள் ஊரில் யாரும் நினைப்பதில்லை, அது வீட்டுக்காரருக்குச் செய்கிற மரியாதை. விருந்தாளியின் வாயில் வாழ்கிற சொல் அது. அதைக் கொண்டுவந்து ஒரு சேவைப் படிவத்தின் தலையில் வைத்தவுடனேயே, படிவத்தை வாங்குகிறவர் விருந்தாளி ஆகிவிடுகிறார். எங்களுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியது யாரோ போட்ட சாப்பாடாக மாறிவிடுகிறது.

ரென்சிஸ் லைகர்ட் 1932இல் மனிதரின் மனப்பாங்கை இப்படிப் படிப்படியான விடைகளால் அளக்கலாம் என்று காட்டியதிலிருந்து உலகம் முழுக்க இந்தக் கட்டங்கள் பரவிவிட்டன. 1979இல் கலிஃபோர்னியாவில் வெளிவந்த, மிகவும் புழக்கத்தில் உள்ள ஒரு திருப்திப் படிவத்தில் 8 கேள்விகள்தான், ஒவ்வொன்றுக்கும் 4 விடைகள், மொத்தப் புள்ளி 8க்கும் 32க்கும் இடையில் வரும். அங்கேயும் விடைகள் மேல் ஓரத்தில்தான் குவிகின்றன. எங்களுக்கு மட்டுமே உரிய குணம் இல்லை என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் எங்களுடைய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பந்தி வாசம் வேறு சேர்ந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் சொல்லைத்தான் மாற்றினார், அந்த வாசமும் கூடவே வந்துவிட்டது.

மண்டூரிலிருந்து வந்தவர்

இரண்டு வாரம் கழித்து நிலையத்தில் என்னிடம் ஓர் உதவி கேட்டார்கள். வாசிக்கச் சிரமப்படுகிற பெற்றோருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்கிற இடத்தில் அடையாளம் போட்டுத் தர முடியுமா என்று. மகள் உள்ளே இருக்கிற நேரம்தானே, சரி என்றேன். முதலாவதாக எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. மடியில் நான்கு வயதுப் பேரன். அவனுடைய கையில் ஒரு துண்டுக் கயிறு, அதை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தான்.

மண்டூரிலிருந்து வருகிறார்கள். விடியவே எழும்பி, பாதையில் (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை இங்கே பாதை என்போம்) வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து, களுவாஞ்சிக்குடிக்குப் போய், அங்கிருந்து மட்டக்களப்புக்கு பஸ். பேரனுக்குப் பாதை என்றால் உயிராம். கரை தட்டினாலும் இறங்க மாட்டான், கத்துவான், கம்பியைப் பிடித்துக்கொள்வான். பாதை விடுகிற தம்பி இதைப் பார்த்துவிட்டு, “இருங்கள் அம்மா, இன்னொரு தடவை போய் வரட்டும்” என்று அவனை அந்தக் கரைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவாராம். அதன் பிறகு தானாகவே இறங்கிவிடுவானாம். அதனால் எப்போதும் ஒரு பாதை முந்தியே வந்துவிடுவோம் என்றார். அவனுக்குத் தேவையானது இன்னும் ஒரு தடவைதான் என்று அந்தப் பாதைக்காரருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

படிவத்தின் முதல் வரியிலேயே தடை வந்தது. ‘நிரப்புபவர்: தாய் / தந்தை.’ அவர் அம்மம்மா. பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். “என்னிடம் கேட்கலாமா மகள்? இல்லையென்றால் பின்னேரம் அவள் போன் எடுக்கும்போது கேட்டுச் சொல்லவா?” என்றார். கிழக்கில் எத்தனை பிள்ளைகள் அம்மம்மாவின் கையில் வளர்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இந்தப் படிவத்தைத் தயாரித்திருந்தால் அந்த வரியில் மூன்றாவது சொல் ஒன்று இருந்திருக்கும். நானே பேனையால் ‘அம்மம்மா’ என்று எழுதினேன்.

கேள்விகளை வாசிக்கத் தொடங்கினேன். நான் வாசித்து முடிக்க முன்னரே அவர் “திருப்தி மகள்” என்றார். அடுத்ததற்கும் அதே. நான் பேனையை நிறுத்திவிட்டு, “அம்மா, குறை இருந்தாலும் சொல்லலாம், பெயர் போடவில்லை” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது கோபமில்லை, ஏதோ மரியாதையில்லாத விஷயத்தைச் சொல்லித் தரப் பார்க்கிறேனே என்ற வருத்தம். “சோறு போட்டவரிடம் உப்புக் குறைவு என்று சொல்வதா, மனே?” என்று கேட்டார்.

அதன் பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. வாசித்தேன், அடையாளம் போட்டேன். 11ஆவது கேள்வி வந்தது: ‘பிள்ளையின் நிலைமை பற்றி உங்களுக்கு விளங்கும் வகையில் தரப்பட்ட தகவல்.’ “வடிவாகச் சொன்னார்கள், திருப்தி” என்றார். நான் அடையாளத்தையும் போட்டுவிட்டேன். ஆனால் 16 வருடப் பழக்கம் ஒன்று இருக்கிறதே. வகுப்பில் ஒரு பிள்ளை “விளங்கிவிட்டது டீச்சர்” என்றால், “என்ன விளங்கியது, சொல்லு பார்ப்போம்” என்று கேட்காமல் நான் அடுத்த கணக்குக்குப் போனதில்லை. அந்தப் பழக்கத்தில் வாய் தானாகவே கேட்டுவிட்டது: “என்ன சொன்னார்கள் அம்மா?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “இவனுக்கு ஓட்டம் என்று சொன்னார்கள்.”

எனக்கு முதலில் பிடிபடவில்லை.

“ஓட்டம்தானே மகள். ஓரிடத்தில் இருக்கிறானா? முற்றத்தில் இறக்கிவிட்டால் வேலி ஓரமாக ஒரே ஓட்டம். அதற்குத்தான் அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் இவனை முற்றத்தில் விடுவதில்லை. அறைக்குள்ளேதான் வைத்திருக்கிறேன். ஓடாமல் ஓடாமல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுகமாகும்தானே.”

ஓட்டிசம் என்று யாரோ அவசரத்தில் ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். அவர் காதில் அது ஓட்டமாக விழுந்திருக்கிறது. விழுந்ததில் பிழையே இல்லை, அவருக்குத் தெரிந்த தமிழில் அந்த ஒலிக்கு அதுதான் பொருள், பிள்ளையும் ஓடுகிற பிள்ளை. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் குழந்தையின் முற்றம் பூட்டிக் கிடக்கிறது. என் கையில் உள்ள தாளில், அதே விஷயத்துக்கு நேரே, என் பேனையால் நானே போட்ட சிரித்த முகம்.

என்ன செய்வதென்று தெரியாமல், “வேறு என்ன சொல்லித் தந்தார்கள்?” என்று கேட்டேன். இதைக் கேட்டதும் அவருடைய முகமே மாறிவிட்டது. இங்கே வந்த மூன்றாவது தடவை உள்ளே இருந்த பிள்ளை ஒன்றைச் சொல்லித் தந்ததாம். பேரனுக்குத் தயிர் என்றால் போதும். தயிர்க் கரண்டியை அப்படியே வாயில் வைக்காமல், உங்கள் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள், அவன் உங்களைப் பார்க்கும்வரை பொறுங்கள், பார்த்த அந்தக் கணமே கொடுத்துவிடுங்கள் என்று. அவர் விறாந்தையிலேயே செய்து காட்டினார். இல்லாத கரண்டியை இரண்டு புருவங்களுக்கும் நடுவே உயர்த்தி, உதடுகளை இறுக்கிக்கொண்டு, “பத்து வரைக்கும் மனதுக்குள்ளே எண்ணுவேன், மகள். முதல் கிழமை ஒன்றும் இல்லை. கரண்டியைத்தான் பார்த்தான். அதற்குப் பிறகு ஒருநாள், எட்டு எண்ணும்போது, என்னைப் பார்த்தான். இந்தக் கண்ணை.” தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். “இப்போது கரண்டியைத் தூக்க முதலே ‘த’ என்கிறான். தாய்க்குப் போனில் கேட்கக் கொடுத்தேன். அவள் அங்கே இருந்து அழுகிறாள்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எங்கள் முருகனுக்கு வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார்கள். கதைக்காத பிள்ளையை அவன் கைவிட மாட்டான் என்று எனக்குத் தெரியும்.”

18 கேள்விகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த ‘த’வை எழுதுவதற்கு ஓரிடமும் இல்லை. படிவங்கள் குறைகளை மறைத்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த நிலையம் செய்த மிக நல்ல வேலையும் அதே படிவத்தில் தொலைந்து போயிருந்தது. பூட்டிய முற்றமும் அந்த ‘த’வும் ஒரே சிரித்த முகத்துக்குள் போய்விட்டன.

என்ன நடந்தது என்று கேட்பது

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, வளர்ச்சியில் சிரமம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக 1990களில் ஒரு படிவத்தை உருவாக்கியது. முதலில் 56 கேள்விகள், 2004இல் 20 கேள்விகளாகச் சுருக்கப்பட்டது. ‘கடந்த ஒரு வருடத்தில் உங்கள் பிள்ளையோடு வேலை செய்கிறவர்கள் இன்னின்னதை எந்த அளவுக்குச் செய்தார்கள்’ என்றுதான் அது கேட்கிறது. 1 முதல் 7 வரை விடை, பொருந்தாவிட்டால் 0. உங்களுக்குத் திருப்தியா என்று விருந்தாளியிடம் கேட்பதை விட்டுவிட்டு, அவர்கள் என்ன செய்தார்கள் என்று சாட்சியிடம் கேட்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் விடைகள் ஒரே ஓரத்தில் குவியாமல் பிரியத் தொடங்குகின்றன. பல நாடுகளில் அதைப் பயன்படுத்தியபோது, மரியாதையாக நடத்தினார்கள் என்ற பகுதிக்கு நல்ல புள்ளியும் பொதுத் தகவல் தந்தார்கள் என்ற பகுதிக்கு மிகக் குறைந்த புள்ளியும் கிடைத்திருக்கின்றன. மண்டூர் அம்மாவின் கதையும் இதேதான்: அன்பாக நடத்தினார்கள், ஓட்டிசம் என்றால் என்ன என்று மட்டும் சொல்லவில்லை.

எங்கள் நாட்டிலேயே இதைவிட நெருக்கமான பாடம் ஒன்று இருக்கிறது. பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டார்கள். அதில் தாய்மாரிடம் கேட்ட ஒரு கேள்விக் கொத்து, உலகம் முழுக்கப் பயன்படுவது, சிங்களத்துக்கு மொழிபெயர்த்தது. ஓட்டிசம் உள்ள குழந்தைகளில் கால்வாசியைத்தான் அதனால் பிடிக்க முடிந்தது. பெரேராவின் குழு பிறகு வேறு வழியில் போனது. கேள்விகளோடு படங்களையும் வைத்து ஒரு கருவியை உருவாக்கி 2017இல் வெளியிட்டது. ‘உங்கள் பிள்ளை சுட்டிக் காட்டுகிறதா’ என்ற வாக்கியத்தை ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்வாள். ஒரு பிள்ளை விரலை நீட்டிக் காட்டுகிற படத்தைப் பார்த்தால் அவளுக்குக் குழப்பமே இராது. தாயின் கண்ணில் பிழை இருக்கவில்லை, கேட்ட விதத்தில்தான் இருந்தது. ஓட்டிசத்தைக் கண்டுபிடிக்கவே கேள்வியை இவ்வளவு பாடுபட்டு மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், பெற்றோரின் மனதை அறிய ஐந்து முகங்களை வரைந்து வைத்தால் போதுமா?

இன்னொரு குறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் படிவம் வருகிறவர்களிடம் மட்டுமே கொடுக்கப்படுகிறது. வாகரைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன், மீன்பிடித் தொழிலாளி, மூன்று தடவை மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் உழைப்பை விட்டுவிட்டு. நான்காவது தடவை வரவில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இந்தச் சேவையைப் பற்றி மிகத் தெளிவான கருத்து உள்ளவர் அவராகத்தான் இருப்பார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கொப்பித் தாளில் சில கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். பிள்ளையை இங்கே கூட்டிவருகிறவர் யார்? கடைசியாக எப்போது வந்தீர்கள், வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பிப் போகும்வரை என்னென்ன நடந்தது? வந்தும் பயிற்சி கிடைக்காமல் திரும்பிய நாட்கள் எத்தனை? பிள்ளைக்கு என்ன என்று சொன்னார்கள், அதை உங்கள் சொல்லில் சொல்லுங்கள். இங்கே கற்றுக்கொண்டதில் வீட்டில் செய்கிற ஒன்றைச் செய்து காட்டுங்கள். கேட்கிறவர் பிள்ளைக்குப் பயிற்சி தருகிறவராக இருக்கக் கூடாது என்று கடைசியில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

பொறுப்பாக இருக்கிறவர் இரண்டு தடவை வாசித்தார். நல்ல மனுஷி, வேலைப் பளுவில் கண் சிவந்திருந்தது. “எல்லாம் சரிதான் டீச்சர். இதை எப்படிக் கூட்டுவது? மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். எண்ணாகக் கேட்கிறார்கள்” என்றார். நியாயமான கேள்வி. கணித ஆசிரியையிடம் கேட்க வேண்டிய கேள்விதான். கூட்டலாம் என்றேன். இந்த மாதம் வந்த 30 பேரில், பிள்ளைக்கு என்ன என்பதைத் தங்கள் சொல்லில் சரியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பது ஓர் எண். வீணாகத் திரும்பிய நாட்கள் மொத்தம் எத்தனை என்பது ஓர் எண். வீட்டில் செய்கிற ஒன்றை விறாந்தையில் செய்து காட்டியவர்கள் எத்தனை பேர் என்பதும் ஓர் எண்தான். 5க்கு 4.8 என்று மேலே அனுப்பினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ‘30 பேரில் 19 பேருக்கு விளக்கம் போய்ச் சேரவில்லை’ என்று அனுப்பினால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். பத்தொன்பது என்பது உதாரணத்துக்குச் சொன்னது, உண்மையான எண் யாருக்கும் தெரியாது, எண்ணினால்தான் தெரியும். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிய நாட்களைப் பற்றிய கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடலாம், அது தன் கையில் இல்லாத விஷயம் என்றார். மற்றவற்றை அடுத்த மாதம் முயன்று பார்க்கலாம் என்றார். விட்டுவிடச் சொன்ன கேள்வியைத்தான் நான் மிகவும் விரும்பியிருந்தேன். எனக்கும் அதற்கு விடை இருந்தது: மூன்று நாள். அவரிடம் அதை அப்போதே, அவருடைய முகத்தைப் பார்த்தே சொன்னேன். குரல் நடுங்கியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, மறுக்கவுமில்லை. மேசையில் கிடந்த கொப்பியைத் திறந்து அந்த மூன்று நாட்களின் திகதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மண்டூர் அம்மா அடுத்த முறை வந்தபோது உள்ளே இருந்த பிள்ளை அவரை உட்காரவைத்து, பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பதை அன்றைக்கு விட்டுவிட்டு, முழு நேரமும் அவரோடு கதைத்தார். ஓட்டிசம் என்பது ஓட்டமில்லை, காய்ச்சல் போல வந்து போகிற நோயுமில்லை, இவன் உலகத்தைக் கேட்கிற விதமும் பார்க்கிற விதமும் வேறு, அவனோடு கதைக்க நாங்கள்தான் வேறு வழி தேட வேண்டும், தயிர்க் கரண்டியில் நீங்கள் கண்டுபிடித்தது அப்படியொரு வழிதான் என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவுக்கு வெளியே இருந்து கேட்டேன். அம்மா வெளியே வந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பேரன் விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

“அப்படியென்றால், மகள்,” என்றார் மெதுவாக, “இவனை முற்றத்தில் விடலாமா?”

“படலையை மட்டும் பூட்டிவிட்டு விடுங்கள் அம்மா. ஓடட்டும்.”